செஞ்சிச் சீமையில் சைக்கிள் வழி

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் பாரிஸ் மாநகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியரின் ராணுவத் தலங்கள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. அவர் குமாரர் ராஜாராம் 1698 வரை மொகலாயப் படைகளின் நெடிய முற்றுகைக்கு ஈடுகொடுத்த கோட்டை. 1714-இல் தேசிங்கு ராஜன் உயிர்விட்டதை நாட்டுப்புறத்தார் இன்றும் கதையாகப் பாடுகிற கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கையிலும், 1761-இல் ஆங்கிலேயர் கையிலும் விழுந்த கோட்டை. அதற்கு உலக மரியாதை கிட்டியது குறித்துத் தமிழர் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் பெருமையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுதத் துணிகிறோம்.

இனிச் செஞ்சிக்கு ஜனங்கள் முன்னிலும் அதிகமாக வருவார்கள். எப்படி வருவார்கள்? திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மோட்டாரில் வருவார்கள். அச்சாலை கோட்டையின் மலைகளுக்கு நடுவிலேயே புகுந்து செல்கிறது. பஸ்ஸும் லாரியும் காரும் ஓயாமல் ஓடும் அந்தச் சாலையில் வந்திறங்கி, ராஜகிரியை அண்ணாந்து பார்த்து, கல்யாண மகாலின் முன் படம் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுவார்கள். செஞ்சியைச் சுற்றியுள்ள சீமை அவர்கள் கண்ணில் படாது. அந்தச் சீமையின் குடிகளுக்கு அவர்களால் கிடைக்கப்போவது புகையும் இரைச்சலும் மட்டுமே.

வேறொரு விதமான யாத்திரை உண்டு. அதற்கு வேண்டியது ஒரு சைக்கிளும், மோட்டார் நடமாட்டமில்லாத ஒரு வழியும். சைக்கிள் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. வழி, நம் முன்னோர் வெட்டிய ஏரிகளின் கரைகளிலும், கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகளிலும் இன்னமும் மறைந்து கிடக்கிறது. அது அழிவதற்கு முன் அதைக் காத்து, பெயரிட்டு, பொதுஜனங்களுக்கு உரிமையாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எந்த வழியைச் சொல்கிறோம் என்று கேட்பவர்களுக்கு மேல்சித்தாமூரைக் காட்டுவோம். செஞ்சிக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சிற்றூர் அது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் ஆலயத்தின் கோபுரம் வயல்களுக்கு மேலாக நெடுந்தூரம் தெரியும். மலைநாதர் ஆலயத்தில் ஒரு பாறையின் முகத்தில் பாகுபலியும் பார்சுவநாதரும் மகாவீரரும் அம்பிகா யட்சியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் அவை. செஞ்சியிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட ரங்கநாதர். அதன் பக்கத்தில் திருநாதர்குன்று. அக்குன்றின் மீதுள்ள பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் வட்டெழுத்துச் சாசனமும் அங்கு உண்டு. தமிழெழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் அந்தச் சாசனத்தை விட்டுவிட்டு மேலே செல்ல முடியாது.

தெற்கே விழுப்புரம் செல்லும் பாதையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவற்றில் எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் ஆலயம் சமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் பொறித்துவைத்த சாசனம் அவ்வூர்க் குடைவரையில் இருக்கிறது. அருகில் தளவானூர், இன்னும் சற்றுத் தொலைவில், ராஜசிம்ம பல்லவன் கட்டிய பனமலை ஆலயமும், அதன் சிற்றறையில் மங்கியும் மங்காமலும் நிற்கும் தேவியின் ஓவியமும். கோட்டையைப் பார்க்க வந்தவன் இவற்றைக் காணாமல் போவது, வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு விருந்துண்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இவ்வூர்களுக்கிடையே உள்ள தூரம் சைக்கிளுக்கென்றே அளந்து வைத்தாற்போல் அமைந்திருக்கிறது. நடப்பவனுக்கு ஒரு நாளில் ஓர் ஊர்தான் கைகூடும். மோட்டாரில் செல்பவனுக்கோ ஊர்களே கண்ணில் தங்கமாட்டா. விடியற்காலையில் புறப்பட்ட சைக்கிள் பிரயாணி, வெயில் ஏறுமுன் இரண்டு மூன்று தலங்களைப் பார்த்து, ஒரு டீக்கடையில் இளைப்பாறி, மாலையில் மேலும் ஒன்றைப் பார்க்கலாம். உருண்டைப் பாறைகளை அடுக்கிவைத்தது போன்ற குன்றுகள், பனைமரங்கள் நிற்கும் ஏரிக்கரை, நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வயல்கள், மதகோரத்தில் துவைக்கும் பெண்கள், இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே போகும் வேகம் சைக்கிளின் வேகம். மேல்நாட்டார் இதற்கு டூரிங் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு யாத்திரை என்ற சொல்லே போதும்.

இது பட்டணத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்லவா, கிராமத்தானுக்கு இதனால் என்ன லாபம் என்று சில தேச ஊழியர்கள் கேட்கக்கூடும். விலை உயர்ந்த சைக்கிளில், பளபளக்கும் உடையணிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலையில் செல்வோரைப் பார்த்து இந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் காலை எட்டரை மணிக்குச் செஞ்சி தாலுகாவின் எந்தச் சாலையிலாவது போய் நின்று பார்க்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் செல்கிறார்கள். அந்தச் சைக்கிள்கள் சர்க்கார் கொடுத்தவை. 2001-ஆம் வருஷத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு ஏனைய மாணவ மாணவிகளுக்கும் விரிந்த திட்டம் அது. பத்தாம் வகுப்போடு வீட்டில் நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண்களை மேல்வகுப்பில் சேர்த்துவைத்தது அந்த இரு சக்கரமே. அதற்கும் முன்பு, 1991-ஆம் வருஷத்தை ஒட்டிப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஜில்லா கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றதை நாடறியும். சைக்கிள் மிதித்த பெண் பிறர் துணையை எதிர்பாராமல் சந்தைக்குப் போனாள், கல் குவாரிக்குப் போனாள், கூட்டத்துக்கும் போனாள்.

ஆகவே சைக்கிள் நம் கிராமத்தின் வாகனம். பட்டணத்தான் அதை இப்போது திரும்பக் கண்டுபிடித்திருக்கிறான், அவ்வளவே. மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள் இல்லாத சிற்றூர் ஒரு காலத்தில் நம் நாட்டில் அரிது. 1949-இல் சென்னையில் முருகப்பா குடும்பத்தார் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கியபோது, சைக்கிளுக்காக இங்கிலாந்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் இங்கே முடியத் தொடங்கியது. இன்று சைக்கிளும் நம்முடையது, மிதிக்கும் காலும் நம்முடையது. சாலை மட்டும் வேறு யாருக்கோ ஆகிவிட்டது.

இதில் நாம் மிகைபடக் கூறவில்லை. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டியிருக்கிறது. அதே வருஷத்தில் விபத்துக்களின் எண்ணிக்கையில் ராஜ்யங்களுக்குள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துக்கள். எந்தத் துறையிலும் முதலிடம் வேண்டுமென்று விரும்பும் நாம் இந்த முதலிடத்துக்கு வெட்கப்பட வேண்டும். சைக்கிளைக் கொடுத்த சர்க்கார், அதை மிதித்துச் செல்ல ஓர் அச்சமற்ற வழியைக் கொடுக்கவில்லை. ஜல்லி ஏற்றிய லாரி பின்னால் வரும்போது, புத்தகப் பையைச் சுமந்த பதினாறு வயதுப் பெண் சாலையின் ஓரத்து மண்ணில் இறங்கித் தள்ளாடுகிறாள். சாலையை அகலப்படுத்த அகலப்படுத்த மோட்டாரின் வேகம் கூடுகிறது; ஓரம் குறுகுகிறது. யாத்திரிகனுக்கு நாம் கேட்கும் வழி, முதலில் இந்தப் பெண்ணுக்கு உரிய வழி.

மேல்சித்தாமூர்ப் பக்கம் மற்றொரு சாராரும் இருக்கிறார்கள். சமண முனிவர்கள் வாகனம் ஏறமாட்டார்கள். ஊர் ஊராக நடந்தே செல்வது அவர்கள் விரதம். மடத்தின் பட்டாரகர்களுக்கு அந்தத் தடை இல்லை, துறவிகளுக்கு உண்டு. எறும்பை மிதிக்கவும் அஞ்சி அடியெடுத்து வைக்கும் அவர்கள், தங்களைக் கண்டு வேகத்தைக் குறைக்காத லாரிகளுக்கு இடையே நடக்க வேண்டியிருக்கிறது. மோட்டாரில்லாத வழி சைக்கிளுக்கு மட்டுமே என்று நாம் சொல்லவில்லை. நடப்பவர், மாடு ஓட்டுபவர், தலைச்சுமை எடுத்துச் செல்பவர் எல்லோருக்கும் அது பொது.

இனிப் பிற நாடுகளைப் பார்ப்போம். ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக்கரையில், முற்காலத்தில் படகுகளைக் குதிரை கட்டி இழுத்த பாதையே இன்று உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பாதையாக விளங்குகிறது. தென்கொரியாவில் இஞ்சியோன் நகரிலிருந்து பூசான் துறைமுகம் வரை ஆற்றுக்கரைகளை ஒட்டிச் செல்லும் 633 கிலோமீட்டர் வழி 2012-இல் திறக்கப்பட்டது. வழிநெடுகச் சிறு சாவடிகள் இருக்கின்றன. பிரயாணி ஒரு சிறு புத்தகத்தில் சாவடிக்குச் சாவடி முத்திரை குத்திக்கொள்கிறான். எல்லா முத்திரையும் சேர்ந்தால் சான்றிதழ் உண்டு. இது நமக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் அந்தத் திட்டத்தில் நதிகளைத் தடுத்து அணைகள் கட்டியதற்கு அந்நாட்டிலேயே பலத்த கண்டனம் எழுந்தது. அந்தப் பகுதியை நாம் சிபாரிசு செய்யவில்லை.

பிரிட்டனின் அனுபவம் இவற்றையெல்லாம்விட நமக்குப் பயனுள்ளது. ஏனெனில் அதில் ஒரு பெரிய தவறும் அடங்கியிருக்கிறது. பிரிஸ்டல் நகரத்துக்கும் பாத் நகரத்துக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையில், 1979 முதல் தொண்டர்கள் தம் கையால் மண் வெட்டிச் சைக்கிள் வழி அமைத்தார்கள். அந்தத் தொண்டிலிருந்து சஸ்ட்ரான்ஸ் என்ற தரும ஸ்தாபனம் வளர்ந்தது. தேசம் முழுவதற்கும் ஒரு சைக்கிள் வழிப் பின்னலை அது உண்டாக்கியது. ஆனால் மைல் கணக்கைப் பெருக்கும் ஆர்வத்தில், மோட்டார்கள் விரையும் சாலைகளிலும் பலகை நட்டுச் சைக்கிள் வழி என்று பெயரிட்டுவிட்டார்கள். கடைசியில் 2020-ஆம் வருஷம், அப்பின்னலில் சுமார் கால்பாகம் தகுதியற்றது என்று அந்த ஸ்தாபனமே நீக்க அல்லது தரம் மாற்ற நேர்ந்தது. பலகை நட்டால் வழியாகிவிடாது என்பதை அவர்கள் ஏராளமான பொருளையும் காலத்தையும் செலவழித்துக் கற்றார்கள். நம் அதிகாரிகளுக்குப் பலகை நடுவதில் தனிப் பிரியம் உண்டு. ஆகையால் இதை இங்கே எடுத்துக் காட்டினோம்.

நமக்குக் கைவிடப்பட்ட ரயில் பாதை இல்லை, ஏரிக்கரை இருக்கிறது. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் ஏரியில்லாத ஊரில்லை. 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத்துறை வசமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் வசமும் இருக்கின்றன. கரை புறம்போக்கு; ஒரு சென்ட் நிலமும் யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. ஓர் ஏரிக்கரையிலிருந்து அடுத்த ஏரிக்கரைக்கு ஊராட்சிச் சாலையோ வண்டிப்பாதையோ பெரும்பாலும் உண்டு. இவற்றைக் கோத்தால் செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூருக்கு நெடுஞ்சாலையைக் கூடிய மட்டும் தொடாத ஒரு வழி அமையும். செஞ்சிக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி ஆற்றைத் துணைகொண்டு அங்கிருந்து தென்கிழக்கே திரும்பினால், வீடூர் அணையும், கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கும் திருவக்கரையும், வில்லியனூர்த் திருக்காமீசுவரர் ஆலயமும் வரிசையாக வரும். முடிவில் புதுச்சேரிக் கடற்கரை. ஒரே ஆறு, இரண்டு ராஜாங்கங்கள். தண்ணீருக்காக இவ்விரு சர்க்கார்களும் பேசிக்கொள்வதுண்டு. ஒரு பாதைக்காகவும் ஒருமுறை பேசலாம்.

செய்ய வேண்டிய வேலை கொஞ்சமே. ஆனால் அதில் ஒரு விஷயம் நம் அரசியல்வாதிகளுக்கு விநோதமாகத் தோன்றும். தார் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுக் கேட்க வருகிறவர் எவரும் தார்ச்சாலை தருவதாகச் சொல்வதே வழக்கம். போடாதே என்று சொல்வதைக் கேட்டிருக்கமாட்டார். ஏரிக்கரையில் தார் போட்ட மறுநாளே அது மோட்டாருக்குக் குறுக்குவழியாகிவிடும். அதற்கடுத்த வருஷம் கரையை அகலப்படுத்தச் சொல்வார்கள், பனைமரங்கள் சாயும். செம்மண்ணும் கிராவலும் கொட்டி இறுக்கினால் சைக்கிளுக்குப் போதும். சீமைக் கருவேல முள்ளை அடியோடு களைய வேண்டும். டயருக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை. ஊரக வேலைத் திட்டங்களில் ஏரிக்கரை வேலை ஏற்கனவே நடைபெறுவதால், இதற்கென்று தனியாகப் பெரும்பணம் தேட வேண்டியதில்லை. கரையின் இரு முனைகளிலும் கார் நுழையாதபடி குத்துக்கற்களை நடலாம். அறுவடைக் காலத்தில் டிராக்டர் போகவேண்டிய இடங்களில் கல்லுக்குப் பதில் கழற்றும் கட்டை வைத்து, சாவியை ஊராரிடமே கொடுத்துவிட வேண்டும். விவசாயிக்கு இடைஞ்சல் செய்து ஏற்படும் எந்த வழியும் நிலைக்காது.

மோட்டார் சைக்கிள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சைக்கிள் நுழையும் சந்தில் அதுவும் நுழையும். எந்தக் கல்லும் அதைத் தடுக்காது. அந்த ஊரின் வாலிபர்கள் அது தங்கள் வழி, தங்கள் தங்கைமார் பள்ளிக்குப் போகும் வழி என்று உணர்ந்து காத்தால்தான் உண்டு. மழைக்காலத்தில் கலிங்கு வழியும் நாட்களில் சில கரைகள் மூடியிருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் பாறைப் பிரதேசத்தில் பகல் பிரயாணம் ஆகாது. தை மாதம் முதல் பங்குனி வரையில் யாத்திரைக்குத் தக்க பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் பருவம் ஏது? அவர்களுக்காகக் கலிங்குகளின் மேல் ஒற்றைச் சைக்கிள் செல்லும் அளவுக்குச் சிறு நடைப்பாலங்கள் கட்டினால் அதுவும் தீரும்.

யாத்திரிகர் வந்தால் கிராமத்துக்கு வருமானம் வருமா? கொஞ்சம் வரும், பெரிதாக ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. பஞ்சர் ஒட்டுபவர், இளநீர் வெட்டுபவர், இட்லிக் கடை நடத்தும் அம்மாள், இரவு தங்கத் திண்ணையோ அறையோ கொடுப்பவர் ஆகியோர் நாலு காசு பார்ப்பார்கள். கொரியாவின் முத்திரைச் சாவடிக்கு ஈடாக நம்மிடம் கிராமத் தபாலாபீஸ் இருக்கிறது. மேல்சித்தாமூரிலும் மண்டகப்பட்டுப் பக்கத்திலும் யாத்திரிகன் புத்தகத்தில் ஒரு முத்திரை குத்தத் தபால் இலாகா மறுக்காது என்று நம்புகிறோம். மதுரையில் 2010-ஆம் வருஷம் முதல் பசுமை நடை என்ற இயக்கத்தார் சமணக் குன்றுகளுக்கு ஜனங்களைக் கூட்டிச் சென்றார்கள். ஆளரவமற்றுக் கிடந்த குன்றுகளுக்குக் குடும்பம் குடும்பமாக மனிதர்கள் வரத் தொடங்கியதால், கல் உடைப்பவர்களின் கண்ணிலிருந்து அவற்றைக் காக்க ஒரு பொதுஜன அபிப்பிராயமும் உருவாயிற்று. செஞ்சிச் சீமையின் பாறைகளுக்கும் அந்தக் காவல் தேவை. யாரும் பார்க்காத பாறை ஜல்லியாகிவிடும்.

சென்னையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பது நம்மவர்களின் பழைய வியாதி. இதில் காத்திருக்கக் காரணமில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களிலும், அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் கிராம சபை கூடுகிறது. செஞ்சிக்கும் மேல்சித்தாமூருக்கும் இடையிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் நம் தொண்டர்கள் இருவர் முன்கூட்டியே சைக்கிளில் போய், எந்த ஏரிக்கரை நல்ல நிலையில் இருக்கிறது, எங்கே முள் மண்டியிருக்கிறது, எங்கே கலிங்கு குறுக்கிடுகிறது, எது ஒன்றியத்தின் வசம், எது நீர்வளத்துறையின் வசம் என்று கண்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை வைத்து, இன்ன கரையில் மோட்டாரை அனுமதிப்பதில்லை, இன்ன பாதைக்குத் தார் வேண்டாம், முள்ளை அகற்றிக் கிராவல் போடவேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றட்டும். தீர்மானங்களை ஒன்றாகச் சேர்த்து விழுப்புரம் கலெக்டரிடம் சமர்ப்பிக்கும்போது, சைக்கிளில் பள்ளி செல்லும் மாணவிகளில் சிலரையும் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். அவர்கள் எந்தச் சாலை வழியாக, எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் போகிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.